முன்னறையில் பிறந்த பதிப்பகங்கள்

கறுப்பு மை: தொடர் – 11

போன இதழில் ஹார்லெமில் இருந்தோம். 1926 நவம்பரில் நியூயார்க்கின் இளம் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடிக் கொண்டுவந்த 'ஃபயர்!!' முதல் இதழோடு நின்றுபோனது. விற்காத பிரதிகள் தீவிபத்தில் போயின. அச்சுக்கூலி பாக்கியை ஆசிரியர் வாலஸ் தர்மன் வருடக்கணக்கில் தன் சம்பளத்திலிருந்து கட்டித் தீர்த்தார். எழுத்துக்கோ ஓவியத்துக்கோ அங்கே குறைவில்லை. அவற்றைக் காப்பாற்றக் கடையும் கிட்டங்கியும் கணக்குப் புத்தகமும்தான் இல்லை. இந்த அத்தியாயம் கடையையும் கிட்டங்கியையும் கணக்கையும் பற்றியது. இடம் லண்டன், காலம் 1966 தொடங்கி ஏறத்தாழ முப்பது வருடம்.

அங்கே போகும் வழியில் 1889இல் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் அந்தனி ஃப்ரூட், மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து 1888இல் ஒரு புத்தகம் போட்டார். அந்தத் தீவுகளின் கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளத் தகுதியற்றவர்கள் என்பது அதன் சாரம். டிரினிடாடிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் பதில் எழுதினார். பெயர் ஜான் ஜேக்கப் தாமஸ். அடிமை முறை ஒழிந்த சில வருடங்களில் பிறந்தவர். கொச்சை பிரெஞ்சு என்று படித்தவர்கள் ஒதுக்கிய கிரியோல் பேச்சுக்கு 1869இலேயே இலக்கணம் எழுதியவர். ஃப்ரூடின் பெயரையும் துணிச்சலுக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்து 'ஃப்ரூடாசிட்டி' என்று தன் புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார். குறும்பு தலைப்போடு சரி. உள்ளே ஃப்ரூடின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டிருப்பார். 1889இல் லண்டனில் புத்தகம் வந்தது. அதே வருடம், அதே லண்டனில் தாமஸ் காலமானார்.

பிறகு தாமஸின் அந்த இரண்டு புத்தகங்களும் கண்ணில் படவில்லை. டிரினிடாடின் அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகள், நம்மவர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்பது தெரியாமலே பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தன. மறுபடி அவை அச்சேறியது 1969இல். எண்பது வருடம். அச்சிட்டது ஆக்ஸ்ஃபோர்டும் இல்லை, கேம்பிரிட்ஜும் இல்லை. வடக்கு லண்டனில் ஒரு தம்பதி தங்கள் வீட்டிலிருந்து நடத்திக்கொண்டிருந்த 'நியூ பீக்கன் புக்ஸ்'.

ஜான் லா ரோஸ் 1927இல் டிரினிடாடின் அரிமாவில் பிறந்தவர். தொழிற்சங்கம், இடதுசாரி அரசியல், தேர்தலில் நின்று பார்த்தது, வெனிசுவேலாவில் ஆசிரியர் வேலை என்று சுற்றிவிட்டு 1961இல் லண்டன் வந்தார். டிரினிடாட் எண்ணெய் வயல் தொழிலாளர் சங்கத்தின் ஐரோப்பியப் பிரதிநிதி என்ற பொறுப்பும் அவரிடம் இருந்தது. தொழிற்சங்கத்தில் ஊறியவர் ஏன் பதிப்பகம் தொடங்க வேண்டும்? அவரது கணக்கு எளியது. காலனி ஆட்சியில் ஒரு தலைமுறை போராடும், பேசும், எழுதும். அதன் காகிதங்கள் அதோடு அழியும். அடுத்த தலைமுறை எதையும் அறியாமல் முதல் படியிலிருந்து தொடங்கும். தொடர்ச்சி அறுபடுவதுதான் அடிமைத்தனத்தின் நீண்ட நாள் நோய் என்று அவர் கருதினார். அறுந்த இடத்தை ஒட்டவைக்கப் பதிப்பகம் வேண்டும், அதுவும் சொந்தப் பதிப்பகம் வேண்டும்.

லண்டனில்தான் கரீபிய எழுத்தாளர்கள் கொடிகட்டிப் பறந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஜார்ஜ் லாமிங், சாமுவேல் செல்வன், வி.எஸ். நைபால் எல்லோரையும் வெளியிட்டவை பெரிய ஆங்கிலப் பதிப்பகங்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது நாவல். நூறு வருடத்துக்கு முந்திய கிரியோல் இலக்கணத்தை மறுபதிப்பு செய்யவும், மார்க்கஸ் கார்வி பற்றிச் சிறு நூல் போடவும் எந்த ஆங்கிலேயர் முதல் போடுவார்?

லா ரோஸும் அவரது துணைவி சாரா வைட்டும் 1966இல் நியூ பீக்கனைத் தொடங்கினார்கள். 1931 முதல் 33 வரை டிரினிடாடில் வெளிவந்து நின்றுபோன 'தி பீக்கன்' என்ற பத்திரிகையின் நினைவாக வைத்த பெயர். கடைப் பலகையிலேயே தொடர்ச்சி வந்துவிட்டது. முதல் வெளியீடு லா ரோஸின் சொந்தக் கவிதைத் தொகுப்பு 'ஃபவுண்டேஷன்ஸ்'. தன் கவிதையைத் தானே போட்டுக்கொள்வது நம் ஊர்ச் சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பழக்கமான வைபவம், எனவே அதைக் கடந்துவிடலாம். அடுத்த வருடம் அடால்ஃப் எட்வர்ட்ஸின் கார்வி வரலாறு, வில்சன் ஹாரிஸின் கட்டுரைகள். 1969இல் தாமஸின் இரண்டு நூல்களும் வந்தன. 'ஃப்ரூடாசிட்டி'க்கு முன்னுரை டிரினிடாட் வரலாற்றாசிரியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ்.

அதே 1966 டிசம்பரில், ப்ளூம்ஸ்பரியின் மெக்ளன்பர்க் சதுக்கத்தில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். பார்படோஸ் கவிஞர் எட்வர்ட் பிராத்வெயிட்டும் மனைவி டோரிஸும் குடியிருந்த வீடு. பிராத்வெயிட் ஜமைக்காவின் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆசிரியர். ஆய்வுப் படிப்புக்காக விடுப்பில் வந்திருந்தார். லண்டனில் இத்தனை கரீபியக் கலைஞர்கள் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லையே என்பது அவரது ஆதங்கம். அவர், லா ரோஸ், ஜமைக்க நாவலாசிரியர் ஆண்ட்ரூ சால்கி மூவரும் முன்கையெடுக்க, 'கரீபியக் கலைஞர்கள் இயக்கம்' உருவானது. 1967 மார்ச்சில் ஜெனெட்டா காக்ரன் அரங்கில் பிராத்வெயிட் தன் 'ரைட்ஸ் ஆஃப் பேசேஜ்' நெடுங்கவிதையை முழுக்க வாசித்தார். அதற்குப் பின் ஏர்ல்ஸ் கோர்ட்டின் மேற்கிந்திய மாணவர் மையத்தில் கூட்டங்கள். கென்ட் பல்கலைக்கழகத்தில் 1967, 68 இரண்டு வருடமும் தங்கிப் பேசும் மாநாடுகள். கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு மேசையில் புத்தகங்களைப் பரப்பி லா ரோஸ் விற்பார். நியூ பீக்கனின் கடை அப்படித்தான் தொடங்கியது. ஃபின்ஸ்பரி பார்க்கில் ஸ்ட்ரௌட் க்ரீன் சாலை 76ஆம் எண் கட்டடத்தில் நிலையான கடை அமைந்தது 1973இல்தான்.

இலக்கியவாதிகள் கூடிக் காபி குடித்துக் கலையும் சங்கமாக இது ஆகாததற்குக் காரணம், ஓவியரும் சிற்பியும் துணி வடிவமைப்பாளரும் கவிஞரும் ஒரே அறையில் உட்கார்ந்ததுதான். கயானாவின் ஆப்ரி வில்லியம்ஸ் அடிப்படையில் வேளாண் அலுவலர். வேலை நிமித்தம் வடமேற்குக் காடுகளில் வராவ் பழங்குடியினரோடு வாழ்ந்தபோதுதான் கலை என்றால் என்னவென்று பிடிபட்டது என்பார். பழைய பாறைச் செதுக்கல்களின் வடிவங்கள் அவரது அரூப ஓவியங்களில் எரிந்துகொண்டிருக்கும். 'நம் மக்களுக்குப் புரிகிற மாதிரி ஆளையும் வீட்டையும் வரையக் கூடாதா?' என்ற கேள்வி அவரைத் துரத்தியது. 1967 கென்ட் மாநாட்டில் எழுந்து, கரீபியக் கலைஞன் கதை சொல்லும் படம்தான் போட வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது என்று வாதாடினார். ஜமைக்காவின் ரொனால்ட் மூடி பல் மருத்துவம் படிக்க வந்தவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்தியச் சிற்பங்களைப் பார்த்துச் சிற்பியாகிப்போனவர்.

ஆல்தியா மக்நிஷ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்த இவர், 1957இல் ராயல் கலைக் கல்லூரியில் படிப்பு முடித்த கையோடு லிபர்ட்டி துணிக்கடைக்கு வடிவமைப்புகளை விற்றவர். ஒருமுறை எஸெக்ஸ் கிராமப்புறத்தில் விளைந்து நின்ற கோதுமை வயலுக்குள் போனார். ஆள் உயரக் கதிர்களுக்கு நடுவே நின்றபோது அவருக்குத் தெரிந்தது சொந்த ஊர்க் கரும்புக்காடு. அதிலிருந்து பிறந்த 'கோல்டன் ஹார்வெஸ்ட்' என்ற அச்சுத்துணி 1959இல் சந்தைக்கு வந்தது. பொன் நிறமும் தடித்த கறுப்புக் கோடுகளும் கொண்ட அந்தத் திரைச்சீலைகளைத் தொங்கவிட்ட ஆங்கிலக் குடும்பங்கள், தங்கள் கோதுமையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கும்.

இன்னொருவர் எரல் லாய்ட். ஜமைக்காவிலிருந்து சட்டம் படிக்க வந்தவர்; கற்றதோ, தானாகவே, சிற்பமும் ஓவியமும். சி.எல்.ஆர். ஜேம்ஸின் தலையைச் சிற்பமாக வடித்தார். சட்டம் ஒரு வழக்கறிஞரை இழந்தது. கரீபியப் பதிப்பகங்களுக்கு அட்டைக்கும் வாழ்த்து அட்டைக்கும் ஓர் ஓவியர் கிடைத்தார்.

இப்போது ஜமைக்கா. 1968 ஜனவரியில் வால்டர் ராட்னி என்ற இருபத்தைந்து வயது கயானாக்காரர், மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க வரலாறு நடத்த வந்து சேர்ந்தார். வகுப்பு முடிந்ததும் கிங்ஸ்டனின் ஏழை வட்டாரங்களுக்குப் போவார். ராஸ்தஃபாரியர்களோடும் வேலையற்ற இளைஞர்களோடும் தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவார். அரசாங்கத்துக்கு வயிற்றைக் கலக்கியது. அக்டோபரில் மான்ட்ரியலில் நடந்த கறுப்பின எழுத்தாளர் மாநாட்டுக்குப் போய்விட்டு 15ஆம் தேதி திரும்பியவரை விமானத்தை விட்டு இறங்க விடவில்லை. மறுநாள் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். கிங்ஸ்டன் பற்றி எரிந்தது.

செய்தி லண்டன் வந்ததும் ஜெசிகா ஹன்ட்லி, எரிக் ஹன்ட்லி தம்பதி வீட்டில் நண்பர்கள் கூடினார்கள். இருவரும் கயானாவின் விடுதலை அரசியலில் இளமையிலிருந்தே இருந்தவர்கள். எரிக் சிறைக்கும் போய் வந்தவர். மறியல், கண்டனக் கூட்டம், துண்டறிக்கை எல்லாம் நடந்தன. அதற்கு மேல் என்ன செய்வது? ராட்னி பேசியதைப் பேசவிடாமல் செய்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பேச்சையே புத்தகமாகப் போடுவது. உரைகளின் பிரதிகளைச் சேகரித்தார்கள், தெரிந்தவர்களிடம் பணம் திரட்டினார்கள், அட்டைக்கு எரல் லாய்டைப் பிடித்தார்கள். பதிப்பாளர் என்று பெயர் போட வேண்டுமே! 1865இல் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்ட பால் போகல், ஹெய்ட்டிப் புரட்சியின் தளபதி தூசான் லூவெர்ச்சூர் இருவர் பெயரையும் சேர்த்து 'போகல்–லூவெர்ச்சூர்' என்று வைத்தார்கள். 1969இல் 'தி க்ரவுண்டிங்ஸ் வித் மை பிரதர்ஸ்' வெளிவந்தது. ஒரே ஒரு புத்தகத்துக்காகத் தொடங்கியது ஒரு பதிப்பகமாகிவிட்டது. தடை போட்ட ஜமைக்க அரசுக்கு இதில் பாதிப் பெருமையைக் கொடுக்கலாம்.

மேற்கு லண்டன் ஈலிங்கில் இருந்த அவர்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம், கிட்டங்கி, விற்பனைக் கூடம் எல்லாம். வருகிறவர்கள் புத்தகம் வாங்குவார்கள், அப்படியே உட்கார்ந்து விவாதிப்பார்கள். அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தது. குடியிருப்புப் பகுதியில் கடை நடத்தக் கூடாது என்று நகராட்சி சொன்னது. 1970களின் நடுவில் மேற்கு ஈலிங்கில் தனிக் கடை பிடித்தார்கள். புத்தகத்தோடு சுவரொட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் விற்றார்கள். அந்த நாளில் லண்டனில் கறுப்பு முகம் உள்ள பிறந்தநாள் அட்டை தேடினால் கிடைக்காது. எரல் லாய்ட் வரைந்த அட்டைகள் அந்த இடத்தை நிரப்பின. 1972இல் டார் எஸ் சலாமின் டான்சானியா பதிப்பகத்தோடு சேர்ந்து ராட்னியின் பெரிய நூலை வெளியிட்டார்கள்: ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தங்கவைத்தது என்ற அந்த ஆய்வு இன்றும் உலகெங்கும் பாடநூல். 1975இல் லின்டன் குவேசி ஜான்சனின் 'ட்ரெட் பீட் அண்ட் ப்ளட்'. பிரிக்ஸ்டன் தெருப் பேச்சை, ரெகே தாளக்கட்டோடு, காதில் விழுந்தபடியே எழுத்துக்கூட்டி அச்சிட்ட கவிதைகள். 1977இல் தம்பதியின் சின்ன மகள் எழுதிய கவிதைகள்கூடப் புத்தகமாயின.

நியூ பீக்கன் பக்கம் இதே காலத்தில் வந்த மெல்லிய நூல் ஒன்று, அதன் கவிதை நூல்கள் எதையும்விட அதிக வீடுகளுக்குள் போனது. பெர்னார்ட் கோர்ட் 1971இல் எழுதியது. மேற்கிந்தியக் குழந்தைகளை 'கல்வியில் மந்தமானவர்கள்' என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிகளுக்குத் தள்ளும் வழக்கம் அப்போது லண்டனில் இருந்தது. அந்த முத்திரை எப்படிக் குத்தப்படுகிறது, சோதனைகளில் என்ன கோளாறு, பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று நேரடியாகச் சொன்ன நூல் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் பள்ளிகளுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். கறுப்பினச் சமூகத்தினர் தாங்களே நடத்திய சனிக்கிழமைப் பள்ளிகள் பெருகின. (கோர்ட் பிற்பாடு கிரெனடாவின் துணைப் பிரதமராகி, 1983இல் பிரதமர் மாரிஸ் பிஷப் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றது வேறு கதை. புத்தகத்தின் நியாயம் அதனால் குறைந்துவிடவில்லை.)

1970களின் பிற்பகுதியில் இந்தக் கடைகள் நிறவெறிக் கும்பல்களின் தாக்குதலுக்கு ஆளாயின. கடைக்காரர்கள் கூட்டுக் குழு அமைத்து உள்துறை வரை முறையிட்டார்கள். 1980 ஜூன் 13இல் ராட்னி ஜார்ஜ்டவுனில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அதன்பின் ஈலிங் கடை 'வால்டர் ராட்னி புத்தகக் கடை' ஆனது.

கலைஞர்கள் இயக்கம் அதற்குள் கரைந்துவிட்டிருந்தது. 1968இல் பிராத்வெயிட் ஜமைக்கா திரும்பினார். 1972 வாக்கில் இயக்கம் ஓய்ந்தது. நிர்வாகம் என்ற ஒன்று அதற்குச் சரியாக அமையவே இல்லை. இருந்த நிர்வாகத்தில் பெரும் பாரத்தை டோரிஸ், சாரா போன்ற பெண்கள் சுமந்தார்கள். வரலாறுகளில் மூன்று ஆண்களின் பெயர்தான் முதலில் வருகிறது. நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பிராத்வெயிட் ஜமைக்காவிலிருந்து 1970இல் தொடங்கிய 'சாவக்கூ' இதழ் இயக்கத்தின் வாரிசு. கரிப் புராணத்தில் வரும் பறவையின் பெயர். மூடி வடித்த உலோகச் சிற்பம் ஒன்றுக்கும் அதே பெயர்தான். அதன் இரட்டை இதழான 3/4இல் ராஸ்தஃபாரிக் கவிதைகளையும் தெருப் பேச்சில் எழுதியவற்றையும் மரபான கவிதைகளுக்குச் சமமாகப் போட்டார். 'இதெல்லாம் கவிதையா?' என்று டொபாகோ கவிஞர் எரிக் ரோச் செய்தித்தாளில் கொதித்தார். கரீபியக் கவிதை உலகமே இரண்டு கட்சியானது. மக்களின் பேச்சுமொழிக்குக் கவிதையில் உள்ள உரிமை பற்றிய தன் முழு வாதத்தையும் பிராத்வெயிட் 1984இல் நூலாக்கினார். வெளியிட்டது நியூ பீக்கன்.

பக்கத்தையே உடைத்துப் பார்த்தது அவருடைய பிற்காலத்தில்தான். 1986இல் டோரிஸ் இறந்தார். 1988இல் கில்பர்ட் புயல் ஜமைக்காவில் அவரது வீட்டைச் சிதைத்தது. பல வருடம் சேர்த்த கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் நாடாக்களும் சேற்றில் போயின. தொடர்ச்சிக்காகப் பாடுபட்ட ஒருவருக்கு நேர்ந்த இழப்பு இது. அந்தத் துயரத்தினூடே கணினியில் எழுதத் தொடங்கினார். ஒரே பக்கத்தில் எழுத்து பெருக்கும், சிறுக்கும், புள்ளி புள்ளியாக உதிரும். வரி நடுவில் முறியும். ஒரு சொல்லே அரைப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். குரல் உயர்வதும் உடைவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மேடைக்கே வராத காலிபனின் தாய் சைக்கராக்ஸின் பெயரை அந்தப் பாணிக்குச் சூட்டினார். பெரிய பதிப்பகங்கள் திணறின. 1994இல் 'பாரபேஜன் போயம்ஸ்' நூலைத் தன் சாவக்கூ பெயரிலேயே வெளியிட்டார். அதைப் படிப்பது எளிதல்ல. சில பக்கங்கள் எனக்கு வெறும் எழுத்துரு விளையாட்டாகவே படுகின்றன. ஆனால் மனைவியின் மரணத்தையும் புயலையும் பேசும் பக்கங்களில் அந்த உடைசல் பொருந்துகிறது.

லண்டனில் இன்னொரு முனையில் நமக்குத் தெரிந்த பெயர் ஒன்று வருகிறது. அம்பலவாணர் சிவானந்தன், கொழும்பில் பிறந்த தமிழர். 1958 கலவரத்துக்குப் பின் லண்டன் வந்தார், வந்த இடத்தில் நாட்டிங் ஹில் நிறவெறிக் கலவரம் வரவேற்றது. இன உறவுகள் கழகத்தில் நூலகராகச் சேர்ந்தார். மேட்டிமைக் கனவான்களின் ஆய்வு நிறுவனமாக இருந்த அதை 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் புரட்டிப் போட்டபோது முன்னணியில் நின்றார். பின் அதன் இயக்குநரானார். அந்தக் கொந்தளிப்பான கட்டத்தில் கழகத்தின் தலைவராக இருந்தவர் ஜான் லா ரோஸ். கழகத்தின் 'ரேஸ் டுடே' பத்திரிகை, டார்கஸ் ஹோவை ஆசிரியராகக் கொண்டு பிரிந்துபோய் பிரிக்ஸ்டனில் தனிக் குழுவானது. சிவானந்தன் 1974 முதல் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழை நடத்தினார். பிரிந்தாலும் எல்லோருக்கும் ஒரே தெரு, ஒரே எதிரி.

1981 ஜனவரி 18இல் நியூ க்ராஸில் பிறந்தநாள் விருந்து நடந்த வீட்டில் பற்றிய தீயில் 13 இளைஞர்கள் மாண்டார்கள். மார்ச் 2இல் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் லண்டன் தெருக்களில் நடந்தார்கள். நீதி கேட்டு அமைந்த நடவடிக்கைக் குழுவின் தலைவர் லா ரோஸ். அடுத்த வருடம் நியூ பீக்கன், போகல்–லூவெர்ச்சூர், ரேஸ் டுடே மூன்றும் சேர்ந்து இஸ்லிங்டன் நகர மன்றத்தில் சர்வதேசப் புத்தகக் காட்சி நடத்தின. திறந்துவைத்தவர் எண்பதைத் தாண்டிய சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1995 வரை பன்னிரண்டு காட்சிகள். மான்செஸ்டர், பிராட்ஃபோர்ட், லீட்ஸ் என்று ஊர் ஊராகப் போயின. பகலில் புத்தகம், இரவில் கவிதையும் இசையும். ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பதிப்பாளர்கள் பெட்டிகளோடு வந்தார்கள்.

ஈலிங் கடை வாடகைச் சுமையில் மூடியது. ஹன்ட்லி தம்பதியின் காகிதங்கள் 2005இல் லண்டன் மாநகர ஆவணக் காப்பகத்துக்குப் போயின. ஸ்ட்ரௌட் க்ரீன் சாலைக் கடைக்கு மேல்மாடியில் 1991இல் ஜார்ஜ் பேட்மோர் நிறுவனம் என்ற ஆவணக் காப்பகம் தொடங்கியது; கலைஞர்கள் இயக்கத்தின் ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. இயக்கத்தின் முழு வரலாற்றை எழுதிய ஆன் வாம்ஸ்லியின் நூலையும் 1992இல் நியூ பீக்கனே போட்டது. லா ரோஸ் 2006இல் மறைந்தார். 2021 டிசம்பரில் டேட் பிரிட்டன் அருங்காட்சியகம் கரீபிய–பிரிட்டிஷ் கலைக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. வில்லியம்ஸ், மூடி, மக்நிஷ் எல்லோரும் சுவரேறினார்கள், மூவரும் உயிரோடு இல்லாதபோது. அதே குளிர்காலத்தில் நியூ பீக்கன், செலவு கட்டவில்லை, கடையை மூடி இணையத்தில் மட்டும் விற்கப்போகிறோம் என்று அறிவித்தது. வாசகர்கள் பணம் திரட்டினார்கள், முடிவு கைவிடப்பட்டது.

அடுத்த இதழில் டெட்ராய்ட்: நூலகர் டட்லி ராண்டால் 1965இல் ஒற்றைத் தாளில் ஒரு கவிதையை அச்சிட்டுத் தொடங்கிய பதிப்பகம்.

(தொடரும்)